அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி

திருவொற்றியூர் குப்பம்,
26.8.2025

அன்புள்ள பெனிஷா அக்காவுக்கு,

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் படம் எடுக்க வந்தபோது நடந்ததை, ஒன்றையும் கூட்டாமல், ஒன்றையும் மறைக்காமல் எழுதப்போகிறேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவதுதான் இருப்பதிலேயே கடினம் என்று எங்கள் தமிழம்மா சொல்வார். நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். கடினமானதை எப்போதாவது தொடங்கத்தானே வேண்டும்?

ரயில் ஏறும்போது உங்கள் ஊர்ப் பேச்சில் என்னிடம் சொன்னீர்கள்: "படமெல்லாம் என்கிட்ட இருக்கு மக்களே. யாரு என்ன சொன்னாங்கன்னுதான் ஒண்ணும் ஓர்மையில்ல. நீ கூடவே நின்னியே, எழுதி அனுப்பு." போனில் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரே போன். அதில் யாரும் பேசக்கூடாது. அப்பா கூப்பிடும்போது லைன் கிடைக்காமல் போய்விடும் என்பார் அம்மா.

அப்பாவைப் பற்றி உங்களிடம் பாதிதான் சொன்னேன். பெயர் எத்திராஜ். வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கடிதம் என்பதால் அப்பா என்று எழுதுகிறேன். போன வருடம் ஆடி மாதம் ஃபைபர் படகில் மூன்று பேராகக் கடலுக்குப் போனார்கள். அலை அடித்துப் படகு கவிழ்ந்தது. மற்ற இருவரையும் ஆந்திரப் படகுக்காரர்கள் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அப்பாவை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வேறு ஏதோ படகு தூக்கியிருக்கும், பாஷை தெரியாத ஊரில் பிடித்து வைத்திருப்பார்கள் என்று அம்மா சொல்கிறார். அப்படிப் பல மாதம் கழித்து வீடு திரும்பியவர்கள் உண்டு. பெரியப்பா பொன்ராஜ் ஒவ்வோர் அமாவாசைக்கும் வந்து காரியம் செய்துவிடலாம் என்பார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இப்போது சனிக்கிழமை. காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து தரை வழவழவென்று இருந்தது. மாடலாக வந்த மலிகா அக்கா வண்ணாரப்பேட்டைக்காரர், உங்களைப் போலவே அவருக்கும் இது முதல் பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அவர் நடந்தபோது, எங்கள் பக்கத்து வீட்டு கெங்கம்மா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா பாப்பா, தாலி கட்டிகினு நேரா மீனு வாங்க வந்துட்டியா? மாப்பிள்ள எங்க?" மலிகா அக்கா சிரித்துவிட்டார். நீங்கள் அந்தச் சிரிப்பை எடுத்தீர்கள். துணிக் கம்பெனியிலிருந்து வந்தவர், சிரிக்காத முகம்தான் வேண்டும் என்றார். பிறகு வலை போலப் பின்னிய சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது கெங்கம்மா அக்கா விடவில்லை. "எங்க வூட்டுல கிழிஞ்ச வலை மூட்ட மூட்டயா கீது. கம்பெனிக்காரரே, வந்து அள்ளிகினு போங்கோ!"

மதியம் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட். துருவேறிய தகடுகளின் முன்னால் நீலப் பாவாடை எவ்வளவு அழகாக இருந்தது! தகடு கொதித்ததால் மலிகா அக்கா அட்டைப்பெட்டி மேல் நின்றார். நான் ரிஃப்ளெக்டரைப் பிடித்திருந்தேன். நான் திருப்பினால் வெயிலும் திரும்பியது. வாழ்க்கையில் முதல்முறையாக வெயில் என் பேச்சைக் கேட்டது. லோடு ஏற்றுபவர் ஒருவர், "தங்கச்சி, அத்த எங்க பக்கம் காட்டாத, ஏற்கெனவே கருகித்தான் கீறோம்" என்றார். ஒன்று கவனித்தேன். படம் எடுக்கும் முன் நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீர்கள். எடுத்த பிறகு விட மறந்துவிடுகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில், வலைக்கூடத்துச் சுவரில் கறுப்புத் துணி கட்டி, இரண்டு நாற்காலி போட்டு, குடும்பம் குடும்பமாக எடுத்துத் தந்தீர்கள். அம்மா கடைசியாக வந்தார். அரக்குப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், பெரிய பொட்டு. நீங்கள் ஒரு நாற்காலியை நகர்த்தப் போனீர்கள்.

"அத்த எடுக்காத பாப்பா."

"நீங்க மட்டும்தானேம்மா உட்காரப் போறீங்க?"

"அவரு வந்தா இன்னா, நின்னுகினா இருப்பாரு?"

நீங்கள் நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தீர்கள். நான் இரண்டு நாற்காலிக்கும் பின்னால் நின்றேன். அம்மா கையை அந்த நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்துக்கொண்டார். எடுத்து முடித்ததும் நீங்கள் கேமராவைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்தீர்கள்.

அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டீர்கள் அல்லவா? மீனவர் அட்டைக்காக எடுத்த அவருடைய சிறிய படம் என்னிடம் இருக்கிறது. நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எடுத்தது. இதனுடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்புடன்,
இரா. இல்லை, எ. வெற்றிச்செல்வி
(அவசரத்தில் வகுப்புத் தோழியின் இனிஷியலை எழுதிவிட்டேன். பொய் இல்லாத கடிதம் என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.)


பெங்களூரு,
3.9.2025

அன்பு வெற்றிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரிஃப்ளெக்டர் பிடிக்கிறவர்கள் பொதுவாக எதையும் பார்ப்பதில்லை. நீ என் மூச்சைக்கூடப் பார்த்திருக்கிறாய்.

உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமை சென்ட்ரலில் இறங்கியபோது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. தெரியாத ஊர், பெரிய கம்பெனி, வாடகைக்கு எடுத்த லென்ஸ். மார்த்தாண்டத்தில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தவள் நான். ஃபேஷன் படம் எடுக்கிறேன் என்றால் எனக்க அம்மாவே நம்பமாட்டாள். அந்த இரண்டு நாளில் எனக்குப் பயம் விட்ட இடம் உங்கள் தெருதான்.

கம்பெனிக்காரர்கள் பட்டுப்புடவைப் படங்களில் பாதியைத் தள்ளிவிட்டார்கள். மலிகா சிரித்த படம் அவர்களுக்கு வேண்டாமாம். எனக்கு வேண்டும்.

அம்மாவின் படத்தைத் திறக்கும்போதெல்லாம் மேற்கொண்டு வேலை ஓடுவதில்லை. அந்தக் காலி நாற்காலி! எனக்க அப்பா நான் பிறந்தது முதல் மஸ்கட்டில் இருந்தார். எங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி அப்படித்தான் கிடக்கும். அதனால் எனக்குத் தெரியும் மக்களே. நன்றாகவே தெரியும்.

அம்மாவுக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். என்னவென்று சொல்லமாட்டேன். நீயும் பிரிக்காதே, அம்மா பிரிக்கட்டும். அவர் முகத்தை மட்டும் பார்த்து, நீ எழுதுவது போல எனக்கு எழுது.

அன்புடன்,
பெனிஷா


திருவொற்றியூர் குப்பம்,
12.9.2025

பெனிஷா அக்காவுக்கு,

அம்மாவின் முகத்தைப் பார்த்து எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். இதுதான் நான் எழுதும் கடைசிக் கடிதம்.

புதன்கிழமை பள்ளி விட்டு வந்தபோது பொட்டலம் வந்திருந்தது. அம்மா எனக்காகக் காத்திருந்தார். கத்தரிக்கோலால் வெட்டாமல் நூலை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். கண்ணாடி போட்ட பெரிய படம். அம்மா இருந்தார், நான் இருந்தேன், அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நைனா உட்கார்ந்திருந்தார்.

அம்மா முதலில் சிரித்தார். உங்களுக்கு அது வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன். நிஜமாகவே சிரித்தார். விரலால் கண்ணாடியைத் தொட்டார். பிறகு தன் முகத்தையும் நைனா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னாடி வெற்றி, உங்க நைனா என்னவிடச் சின்னவரா கீறாரு?"

அட்டைக்கு எடுத்த பழைய படம் அல்லவா அது. அம்மாவுக்கு நரைத்திருக்கிறது. நைனாவுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. அம்மா அதற்கு மேல் சிரிக்கவில்லை.

அக்கா, எங்கள் தெருவில் ஆளைப் படத்தில் சேர்ப்பது செத்தவர்களுக்கு மட்டும்தான். கெங்கம்மா அக்கா வீட்டில் மகள் கல்யாணப் படத்தில் செத்துப்போன அவர் புருஷன் பின்னால் நிற்பார். டோல்கேட் பக்கத்து ஸ்டுடியோவில் சேர்த்தது. உயிரோடு இருப்பவரை யாராவது சேர்ப்பார்களா? அவர் வந்து தானே நின்றுகொள்வாரே! இது உங்களுக்குத் தெரியாதா? ஊர் ஊராகப் படம் எடுக்கிறீர்கள். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

கெங்கம்மா அக்கா குழம்பு வாங்க வந்தார். வாசலில் இருந்தே படத்தைப் பார்த்தார். கிண்ணம் கீழே விழுந்தது. "ஐயோ எத்திராஜு, கடைசில படத்துல வந்து ஒக்காந்துட்டியே!" என்று மாரில் அடித்துக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் என்ன என்று கேட்கமாட்டார்கள். வந்து உட்கார்ந்து அழுவார்கள். வந்தார்கள். நான் கத்தினேன், "எங்க நைனா சாவல, அந்த அக்காதான் சும்மா சேத்துட்டாங்கோ" என்று. யார் காதிலும் விழவில்லை.

பெரியப்பா வந்து அம்மாவிடம் சொன்னார்: "நீயே சேத்துட்ட கன்னியம்மா. இனிமே இன்னா? மனசத் தேத்திக்கோ. காரியத்த முடிச்சிடலாம்."

"நான் சேக்கல மாமா."

"ஃபிரேம் போட்டு வந்துகீதே?"

"நான் எடந்தான் வுட்டு வெச்சேன்." அம்மா படத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினார். "இதோ, இந்த எடத்த. இப்ப அவரு வந்தா எங்க ஒக்காருவாரு, சொல்லு?"

அன்று பெரியப்பாவுக்கு அம்மா டீ கொடுக்கவில்லை.

உங்களுக்கு அந்தச் சிறிய படத்தை அனுப்பியது நான். பார்க்கத்தான் அனுப்பினேன். நன்றாகத் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வெற்றிச்செல்வி


பெங்களூரு,
17.9.2025

வெற்றி,

நீ பிரிக்காமல் கிழித்துப் போடலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். கிறிஸ்மஸுக்கு எல்லாரும் ஸ்டுடியோவுக்குப் போவோம். வராதவருடைய படத்தைக் கொடுத்தால் சேர்த்துத் தருவார்கள். சர்ச்சில் நான் முதல் திருவிருந்து வாங்கிய நாள் படத்தில் அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கை வேறு யாருடையதோ. ஸ்டுடியோ அண்ணன் ஒட்டியது. அந்தப் படத்தை நான் மஸ்கட்டுக்கு அனுப்பினேன். "நான் வந்து நின்னது போலவே இருக்கு மோளே" என்று அப்பா போனில் அழுதார். இரண்டு வருடம் கழித்து வந்து, அதே இடத்தில் நின்று, அதே மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஊரில் சேர்ப்பது, வருவார் என்பதற்காக.

இதைச் சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார். நாற்காலியை எடுக்காதே என்றார். நிரப்பு என்று சொல்லவில்லை. அவர் வைத்த படத்தை நான் எடுத்தேன். பிறகு அது குறைப்பட்ட படம் என்று நானாக முடிவு செய்தேன். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து உங்கள் நைனாவின் சட்டைக் காலருக்கு வெயில் வரைந்தேன். சந்தோஷமாக வரைந்தேன் வெற்றி. அதுதான் இப்போது தாங்கவில்லை.

நான் அங்கே வரட்டுமா? அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தெருவில் எல்லாருக்கும் இது என் வேலை, அவர் சொல்லிச் செய்யவில்லை என்று சொல்லட்டுமா? வா என்று எழுதினால் அன்றைக்கே ரயில் ஏறுவேன். வேண்டாம் என்றாலும் எழுது.

பெனிஷா


திருவொற்றியூர் குப்பம்,
27.9.2025

பெனிஷா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்கள் அப்பா திரும்பி வந்த இடத்தில் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "நல்ல ஊருடி அது" என்றார்.

நீங்கள் வர வேண்டாம். தெருவில் சொல்லியும் பயனில்லை. கெங்கம்மா அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என் தலையைத் தடவி, "ஆமாண்டி கண்ணு" என்றார். சாவு வீட்டில் பிள்ளைகளிடம் அப்படித்தான் பேசுவார்கள்.

இப்போது எழுதுவது வேறொரு காரணத்துக்காக. அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை காரியம். அம்மா ஒத்துக்கொண்டார் என்று எழுதினால் அது சரியாக இருக்காது. வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். சாயங்காலமானால் நைனா வருகிறாரா என்று பார்க்கக் கரைப்பக்கம் போவார், இப்போது அதுவும் இல்லை. போன் அடித்தால் என்னை எடுக்கச் சொல்கிறார்.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அம்மாவும் நானும் இருப்பதால் அதற்கு மாலை போடக்கூடாதாம். நைனா தனியாக இருக்கும் படம் அந்தச் சிறியது ஒன்றுதான். அது உங்களிடம் இருக்கிறது. உடனே அனுப்பிவையுங்கள். பெரிதாக்க வேண்டாம், எதையும் சரிசெய்ய வேண்டாம். எப்படி அனுப்பினேனோ அப்படியே வேண்டும்.

வெற்றிச்செல்வி


பெங்களூரு,
1.10.2025

வெற்றி,

இதனுடன் இருக்கிறது. அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், மடங்காது. ஓரத்தில் இருக்கும் பேனாக் கறை முதலிலேயே இருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த சேர்த்த படத்தை அழித்துவிட்டேன். முதலில் எடுத்ததை, அம்மா சொன்னபடி எடுத்ததை, அழிக்கவில்லை. அதை யாருக்கும் காட்டமாட்டேன். அம்மா எப்போது கேட்டாலும் தருவேன்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

பெனிஷா


திருவொற்றியூர் குப்பம்,
13.10.2025

அன்புள்ள பெனிஷா அக்காவுக்கு,

படம் வந்து சேர்ந்தது. நேற்று காரியம் நடந்தது.

காலையில் கரையில் வாழையிலை போட்டு, நைனாவின் படத்தைச் செங்கல்லில் சாய்த்து வைத்தார்கள். படம் சிறியதாக இருந்ததால் மாலை நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. கெங்கம்மா அக்கா இரண்டு பூவை மட்டும் பிய்த்து மேலே வைத்தார். காற்று அதையும் எடுத்துக்கொண்டு போனது. பிறகு நான் கையால் பிடித்துக்கொண்டேன்.

பெண்கள் அம்மாவின் பொட்டை அழிக்க வந்தார்கள். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "யாரும் தொடாதீங்கோ. நான் வெச்சது, நானே எடுத்துக்கறேன்." முந்தானையால் தானே துடைத்துக்கொண்டார். பூவைத் தானே எடுத்தார். தாலியை எடுக்கும்போது மட்டும் கொக்கி வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் கழற்றிக் கொடுத்தேன்.

அடுத்ததை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

காரியம் செய்துவைக்க வந்த பெரியவர், வருடா வருடம் திதி கொடுப்பதற்கு இறந்த நாள் வேண்டும் என்றார். யாருக்குத் தெரியும்? கடலுக்குப் போன நாளையே வைத்துக்கொள்ளலாம் என்றார் பெரியப்பா. நைனாவோடு போய்ப் பிழைத்து வந்தவர்களில் ஒருவர், படகு கவிழ்ந்த நாள்தான் சரி என்றார். பெரியவர், "தெரியாத கேசுக்கு ஆடி அமாவாசைன்னு வெச்சிக்கறதுதான், தப்பில்ல" என்றார்.

அப்போதுதான் அம்மா தலையைத் தூக்கினார்.

"அப்பல்லாம் அவரு சாவல."

"இன்னாம்மா சொல்ற?"

"ஆடியில சாவல. தீபாளிக்கு சாவல. பொங்கலுக்குக் கூட அவருக்குச் சட்ட எடுத்து வெச்சேன். படம் வந்துச்சே ஒரு பொதன்கெழம, அன்னிக்குத்தான். அத்த எழுதிக்கோங்கோ."

பெரியப்பா ஏதோ சொல்ல வாய் திறந்தார். பெரியவர் அவரைக் கையமர்த்திவிட்டு, பஞ்சாங்கத்தைப் புரட்டினார். செப்டம்பர் 10. தேய்பிறை, திருதியை. அப்படியே எழுதிக்கொண்டார். அதனால் எங்கள் நைனா இறந்த நாள் அதுதான், அக்கா.

சாயங்காலம் அம்மா கேட்டார்: "அந்தப் பாப்பாவுக்கு எழுதுனியா?"

"இன்னா எழுதணும்?"

"நாளத்தான்."

"வேணாம்மா. அவங்க தாங்கமாட்டாங்கோ."

அம்மா சேர்த்த படத்தை எடுத்துப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "அவரக் கூட்டியாந்து எம்பக்கத்துல ஒக்கார வெச்சது அந்தப் பொண்ணு. அவருக்கு ஒரு நாளு கீதுன்னு அதுக்கும் தெரியணுமில்ல."

இது கோபமா, இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. குரலை அப்படியே எழுத முடியவில்லை. வார்த்தைகளை மட்டும் எழுதியிருக்கிறேன்.

சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் வாசலில் நின்றார். இருட்டத் தொடங்கியது. பந்தலும் டியூப் லைட்டும் போட்ட ஞானதுரை அண்ணன், வேறு வீட்டுக்குப் போக வேண்டும், பிரித்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "எடுத்துக்கினு போப்பா" என்றார் அம்மா. தெருமுனையில் தொடங்கி எங்கள் வாசல் வரை ஒவ்வொன்றாக விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

வெற்றி